இடது பக்கம் கேட்காத ஹெட்போன்

நிருபமாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நெடுங்காலமாக வேர்விட்ட குடும்பம். மற்றவர்கள் வாய்ப்பாட்டு, வீணை என்று இருக்க, இவள் மட்டும் கல்யாண வீட்டில் பந்தியை விட்டுவிட்டு மேளக்காரர்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறவள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் பாட்டுக் கேட்பதுதான் அவளுக்கென்று இருந்த நேரம்.

அந்த வாரம் அவளுக்கு ஜலதோஷம். கூடவே பழைய இயர்போனில் இடது பக்கம் நின்றுபோயிற்று. வயர் அறுந்திருக்கும் என்று நினைத்தாள். இந்தத் தடவையாவது நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கிவிடலாம் என்று, சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்டின் டவுனில் தியோடர் என்பவரின் கடைக்குப் போனாள். எதையும் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதால் அலுவலகத்தில் பலரும் சொன்ன கடை.

தியோடர் முதலில் எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்டார். ஐயாயிரத்தைத் தாண்டக்கூடாது என்றாள். என்ன பாட்டு கேட்பீர்கள் என்றார். நாதஸ்வரம் என்றதும் சற்று யோசித்து, அதிகம் விற்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தவில் மட்டும் நெஞ்சில் இடித்தது. நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருந்தது. அது குத்துப்பாட்டு கேட்கிறவர்களுக்கானது என்று அவரே வாங்கி வைத்துவிட்டார். புளூடூத் வேண்டாமென்றால் அதே விலைக்கு வயர் வைத்ததில் ஒலி சுத்தமாக இருக்கும், மெட்ரோ இரைச்சலுக்குக் காதை முழுக்க மூடுவது நல்லது என்று சொல்லி, கறுப்பாக வேறொன்றை நீட்டினார்.

அதில் நாதஸ்வரத்தின் வாய்முனைச் சீவாளி அதிர்வதுகூடக் கேட்டது. ஆனால் ஒரு பக்கம்தான்.

"இதுல லெஃப்ட் வரலையே" என்றாள்.

மன்னிப்புக் கேட்டுப் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். அதிலும் வரவில்லை. வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது. மாற்றி மாட்டிப் பாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். நிருபமா அதை இடம் வலம் மாற்றி மாட்டினாள். இப்போதும் இடது காதில் ஒன்றுமில்லை.

வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். தெருவில் போன பஸ் ஊமையாயிற்று. தியோடரின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. இயர்போன் கெடவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கையை எடுத்ததும் தியோடரின் குரல் வந்தது. "மேடம், பயமுறுத்துறேன்னு நெனைக்காதீங்க. எங்க அக்கா அன்னாவுக்கு இப்படித்தான் ஆச்சு. அழுக்கு அடைச்சிருக்குன்னு ஒரு மாசம் விட்டுட்டாங்க. அப்புறம் அந்தக் காது கேட்கவே இல்ல. இன்னிக்கே காட்டிடுங்க."

கணவன் ரங்காவுக்குப் போன் செய்தாள். சளிதான் காதை அடைத்திருக்கும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வா என்றான். அவளுக்கும் அதை நம்பத்தான் ஆசை.

"இல்ல ரங்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ நேரா அங்க வந்துடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

சனிக்கிழமை நெரிசல். சிக்னலுக்குச் சிக்னல் வலது காதை மூடி மூடிப் பார்த்தாள். திறக்கும்போதெல்லாம் ஹாரன் பிய்த்துக்கொண்டு வந்தது; மூடினால் பாழ் அமைதி. இது இரண்டு காதுக்கும் பரவினால் என்ற நினைப்பு வந்ததும் கையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் சொட்டு மருந்து எழுதித் தந்து திங்கட்கிழமை வரச் சொன்னார். நிருபமா எழுந்திருக்கவில்லை. காது டாக்டர் யாராவது பார்க்காமல் போகமாட்டேன் என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார். பிறகு போனை எடுத்தார்.

வந்த பெண் டாக்டர் அதிரும் இசைக்கவையை அவள் நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலது என்றாள். அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் உரக்கக் கேட்கும், இது நரம்புக் கோளாறு என்றார். மருந்தை அன்றே தொடங்கவேண்டும். தொடங்கினாலும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்குள் ஓடி வந்து சேர்ந்த ரங்கா அவள் தோளைப் பிடித்தபடி நின்றான். நல்லவேளை, நீ என் பேச்சைக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது. காதுக்குள்ளேயே ஊசியும் போட்டார்கள். தினமும் விழித்ததும் இடது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்ப்பாள், ஒன்றுமிராது. ரங்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவான். நம்பிக்கை ஏறக்குறைய விட்டுப்போன ஒரு காலையில், தலையணையில் காது உரசும் சத்தம் கேட்டது. மறுபடி உரசிப் பார்த்தாள். கேட்டது. அழுதாள்.

முழுவதும் திரும்பவில்லை. பரிசோதனையில் கீழ்ச்சுருதிகள் தேறின, மேல்சுருதிகள் பாதிதான். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு தியோடர் கடைக்குப் போனாள். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே ஒலியைத் திருத்தித் தரும் ஒன்றைக் காட்டினார். விலை மூன்று மடங்கு. மாட்டிக் கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கறுப்பு வயர் ஹெட்போனையே எடுத்துக்கொண்டு, போனில் ஒலியை இடது பக்கம் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

தவில் இரண்டு பக்கமும் நிறைந்து வருகிறது. நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறும்போது மட்டும் இடப்புறம் காகிதம் கிழிவதுபோல் கரகரக்கிறது. அதையும் சேர்த்தே கேட்கிறாள்.