கடல் அடங்கின இடமாப் பாத்துக் குடும்

பயணச்சீட்டு விற்கிறவனிடம் எப்போதும் இரண்டு பேர் வருவார்கள்: போகிறவர் ஒருவர், அவரை நினைத்துப் பயப்படுகிறவர் இன்னொருவர். இதே தொழிலில் கிடந்து மாரடிக்கிறவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை.

குளம் மாதிரிக் கடல்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் கடை போட்டு, கொழும்புக்கும் சென்னைக்கும் ஆட்களை அனுப்பியே பழகியவன் நான். எல்லாரும் போனிலேயே டிக்கெட் எடுக்கிற காலத்தில், துளசி என் கடைப் படி ஏறியதே பெரிய காரியம். இங்கேயே பிறந்த பிள்ளை. பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த கையோடு, இரண்டு தோழிகளுடன் கொஸ்தாரிக்காவின் பசிபிக் கரையில் சேர்ஃபிங் செய்யவேண்டுமாம். பலகையில் ஏறி நின்று அலையில் சறுக்குகிற விளையாட்டு. "அம்மா ஓம் எண்டு சொன்னால்தான் போவன், நீங்கள் நல்ல இடமாப் பாருங்கோ" என்றாள்.

விடுவேனா? அங்கே மழைக்காலம், ஆள் வராத காலம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஹோட்டல்காரனின் விலையை உரித்தெடுத்து அறையைப் பதிந்துவிட்டேன். அழகான விரிகுடா. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்புகிற எந்த யாழ்ப்பாணத்தானும் முதலில் பார்ப்பது கடல் அடங்கியிருக்கிறதா என்றுதானே? படத்தைக் காட்டினேன். துளசி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, அலையே இல்லாத இடத்துக்குப் பலகையைக் கொண்டுபோய் நான் என்ன, ரொட்டி தட்டுறதோ?"

தாயின் வேண்டுகோள்

அடுத்த நாள் அவளின் தாய் ராணி அக்கா வந்தார். என் பழைய வாடிக்கையாளர். அவர் முகம் சுளித்தால் அவருக்குத் தெரிந்த குடும்பமெல்லாம் கடை மாறிவிடும். ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் இருந்து, "டிக்கெட் முடிஞ்சுது எண்டு சொல்லிவிடும் தம்பி" என்றார்.

"அக்கா, அவள் போனைத் தட்டினால் டிக்கெட் கொட்டும். என்னைப் பொய்யனாக்காதேங்கோ."

"அலைதான் வேணுமெண்டால் எங்கட நாட்டு அறுகம்பைக்குப் போகட்டுமன். கிட்டச் சொந்தக்காரராவது இருக்கினம்." அப்போதுதான் மேசையில் கிடந்த விரிகுடாப் படம் அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"இது நல்ல கடலா இருக்குது, இதையே குடும், அலையை அவள் டிவியில பாக்கட்டும்."

ஹோட்டல்காரன்

மகளுக்கு ஆகாத அறையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஹோட்டலுக்குப் போன் அடித்தேன். பதிந்தது பதிந்ததுதான் என்றான். எனக்கு ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் தொடங்கி, ஜேர்மனில் கத்தி, தமிழில் முடித்தேன். அவன் கொட்டாவி விட்டது இங்கே கேட்டது. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், பெரிய அலை அடிக்கிற இன்னொரு கரையில் தன் அக்கா விடுதி வைத்திருப்பதாகவும், புதிதாகப் பழகுகிறவர்களை அவரே கவனிப்பதாகவும், அறையை அங்கே மாற்றித் தரலாம் என்றும் சொன்னான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அதற்கும் பாய்ந்தேன்.

"ஐயா, விலையைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள், கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

எந்தக் கரை?

இடம் மாறியது தெரிந்து ராணி அக்கா திரும்பவும் வந்து நின்றார். எந்தக் கரை, எந்த ஊர், பக்கத்தில் ஆர் என்று கேள்விமேல் கேள்வி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, சண்டைக் காலத்தில உங்களை ஏஜென்சிக்காரனிட்டை ஒப்படைச்சுக் களவா இஞ்ச அனுப்பேக்க, எந்தப் பாதை, எந்தக் கடல் எண்டு உங்கட அம்மா கேட்டவவோ?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"கேட்டவ தம்பி, ஒருத்தரும் சொல்லேல்லை, அதுதான் நான் கேக்கிறன்."

வீடியோவில் ஒரு பெண்

கணினியை அவர் பக்கம் திருப்பி வரைபடத்தைக் காட்டினேன். விமானம் இறங்கும் இடம், பஸ் போகும் பாதை, விடுதி, கடல். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்த விடுதி அக்காவை வீடியோவில் பிடித்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் அலை இரைந்தது. "பிள்ளை தண்ணிக்குள்ள நிக்கேக்க கரையில ஆர் நிப்பினம் எண்டு கேளும்" என்றார் ராணி அக்கா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். ராணி அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு "ஓம், போகட்டும்" என்றார்.

பயணத்துக்கு முதல் நாள் துளசியின் பலகை உறையோடும் ஒரு பெரிய பையோடும் அவரே கடைக்கு வந்தார். பையில் வறுத்து இடித்த கறித்தூள். நிறை கூடிவிடும், விமானக்காரனோடு நான்தான் சண்டை பிடிக்கவேண்டிவரும் என்று கத்தினேன்.

"பிடியும், உமக்கு அது நல்லா வருமே, தூள் மகளுக்கில்லை, கரையில நிக்கிறவவுக்கு."

அந்தப் பயணத்தில் எனக்கு மிஞ்சியது தொண்டைக்கட்டு மட்டும்தான், ஆனால் இப்போதெல்லாம் யார் கடற்கரைக்கு டிக்கெட் கேட்டாலும், விலையைச் சொல்லமுதல் கரையில் ஆர் நிற்பது என்று கேட்டுத் தொலைக்கிறேன்.