நான் ஒளித்த நூல்

என் தம்பி மகனின் முதலாவது பிறந்தநாளைக் கொரிய முறைப்படி கொண்டாட வேண்டுமென்றாள் தம்பியின் கொரிய மனைவி மின்ஜி. மேசையில் பரப்பிய பொருட்களில் பிள்ளை எதை எடுக்கிறதோ, அதுதான் அதன் எதிர்காலமாம். டொரொண்டோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டு மேசையை நான்தான் அலங்கரித்தேன். அரிசி, பென்சில், புத்தகம் எல்லாம் சரி. நடுவில் மின்ஜி கொண்டுவந்து வைத்த ஒரு வெள்ளை நூல்கட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்கட பிள்ளை தையல்காரனாகவோ வரவேணும்?” என்று தம்பியிடம் சீறினேன்.

“விடுங்கோ அக்கா, அது அவையின்ர முறை.”

நான் விடவில்லை. நூலைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, டொலர் கடையில் வாங்கிவந்த விளையாட்டு ஸ்டெதஸ்கோப்பை அங்கே வைத்தேன். பிள்ளை அதையே எடுத்தான். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மின்ஜி மட்டும் மேசைக்குக் கீழே குனிந்து தேடினாள்.

“அக்கா, நூல் எங்க?”

“உந்த நூல் இப்ப என்னத்துக்கு?”

தம்பிதான் பதில் சொன்னான். “நூலை எடுத்தா நீண்ட ஆயுள், அக்கா. அவள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தவள்.”

ஏழாம் மாதத்தில் பிறந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை அவன். அவன் உயிரோடு இருக்கவேண்டுமென்று தாய் வைத்ததை, டொக்டர் ஆசையில் நான் கைப்பைக்குள் பூட்டி வைத்திருந்தேன். அன்று நூலின் மேல் வந்த கோபம் என் பக்கம் திரும்பியது. இன்னும் ஆறவில்லை.