அத்தையின் பெட்டியில் ஒரு பிலிம் துண்டு

மாடியில் குடியிருக்கும் பையன் ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் என் வாசலில் நின்று டிவியை எட்டிப் பார்ப்பான். “இன்னா சார், திரும்பவும் அதே படமா? அந்தம்மாகிட்ட அப்படி இன்னாதான் கீது?” என்பான். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். மனைவி போன பிறகு படப்பையில் இருக்கும் இந்த வீட்டில் கேட்கும் குரல் பெரும்பாலும் அந்த நடிகையுடையதுதான். அவனுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

வல்லம் வடகாலில் எங்கள் வயலை அடுத்து ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. இப்போது அந்த இடத்தில் தொழிற்சாலை லாரிகள் நிற்கின்றன. கல்யாணமாகாத பெண் தனியாகப் படத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். துணைக்கு ஓர் ஆண்பிள்ளை போனால் போதும். அப்பாவின் தங்கைக்கு நான்தான் அந்த ஆண்பிள்ளை. எனக்கு எட்டு வயது. இடைவேளையில் ஒரு முறுக்கு கிடைத்தால் யாரை வேண்டுமானாலும் காவல் காப்பேன்.

நான் இப்போது திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கொட்டகையில் ஓடிய ஒரு காதல் படம். அத்தையும் நானும் நான்கு முறை போனோம். அதில் கதாநாயகிமேல் திருட்டுப் பழி விழும். கூடத்தில் நிறுத்தி ஆளாளுக்குக் கேட்பார்கள். அவள் வாயே திறக்கமாட்டாள். வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசி ரீலில் அந்த வாசல் வழியாகக் காதலன் ஓடிவந்து உண்மையைச் சொல்வான்.

பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து அத்தை கிசுகிசுப்பாள். “கண்ணுல தண்ணி நிக்குது, மூக்கு செவக்குதா பாரு. நானு அழுதா தக்காளி மாதிரி ஆயிடுது.”

“கறுப்பு வெள்ளப் படத்துல எப்படித்தே செவக்கும்?”

“வாய மூடிக்கினு படத்தப் பாரு.”

அறுந்த பிலிமை ஒட்டும்போது ஆபரேட்டர் வெட்டிப் போடும் துண்டுகளைப் பொறுக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவிக் கொட்டகைக்குப் பின்னால் போவேன். தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஒருநாள் கிடைத்த துண்டில் அந்த நடிகையின் முகம் இருந்தது. அத்தையிடம் கொடுத்தேன். வெயிலுக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்டா” என்று அவளாகவே என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பெண் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று புடவை எடுக்க அத்தையின் பெட்டியைத் திறந்த அம்மாவின் கையில் அந்தத் துண்டு அகப்பட்டது. ஆபரேட்டர் வெளியூர்க்காரன், வாலிபன். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

“இத அந்த ஆபரேட்டர் குடுக்காம வேற யாரு குடுப்பான்? சொல்லுடி!”

அத்தை கூடத்தின் நடுவே நின்றாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். “நான்தான் குடுத்தேன்” என்று இரண்டு சொல் போதும். அத்தை வாய் திறக்கவில்லை. மூக்கு சிவந்திருந்தது. என் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்லப் படியிறங்கி மாட்டுக்கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மாதமே செங்கல்பட்டுக்கு அப்பால், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அவருக்கு அப்பாவைவிட வயது கூட. பஸ் ஏறும்போது, “அழாதத்தே, நானு வேற துண்டு எடுத்தாந்து தரேன்” என்றேன். அவள் என் மோவாயைப் பிடித்து, “வாணாம்டா. இஸ்கூலுக்கு ஒழுங்கா போ” என்றாள். அதன்பிறகு அவள் படம் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் சாகும்வரை நானும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லவில்லை.

அந்த நடிகை பேரழகி என்பார்கள், இருக்கலாம். எனக்கு அவள் வாசலைப் பார்க்கும் பார்வைதான். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். காதலன் ஓடிவருகிறான். ஒருமுறைகூட அவன் வரத் தவறியதில்லை.

அன்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து நான் நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அத்தை படத்தில் வந்தவளைப் போலவே நின்று காட்டுகிறாள், எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.