கிளட்ச் சரியானது, ஹாரன் நிற்கவில்லை

வாடகைக்குக் கார் விடும் தொழிலில், வண்டி பழுதாகிப் பட்டறைக்குப் போகும் நாளைவிட, சரியாகித் திரும்பி வரும் நாளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பட்டறை வாசலில் "இதோ ஆச்சுக்கா" கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளைக் கார். என் வீட்டுக்காரர் ஓட்டுவார். சவாரி பேசுவதும் கவலைப்படுவதும் என் வேலை. அந்த மாதம் என் பெரிய கவலை, பொழிச்சலூர் லில்லி அக்காவின் மகள். நிறைமாதம். முதல் பிரசவத்துக்கு வலி எடுத்தபோது ஆட்டோ கிடைக்காமல் அந்தப் பெண் பம்மல் வரை நடந்தே வந்திருக்கிறாள். "இந்தத் தடவ உன் வண்டிதான். வேற யார்கிட்டயும் சொல்லி வெக்கல" என்று லில்லி அக்கா என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கிளட்ச் போனது.

திரும்பினால் அலறும்

பட்டறை தாஸ் கிளட்ச் மாற்றிக் கொடுத்தான். காலை வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஆனால் வண்டியை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சாவு ஊர்வலத்தைத் தாண்டும்போது அது விடாமல் அலற, மேளம் அடித்தவர்களே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "கண்ணு பட்டுடுச்சு" என்றார் வீட்டுக்காரர். கிளட்சுக்குப் பட்ட கண் ஹாரனுக்கு ஏன் போகிறது?

போகும்போது இல்லாத கோளாறு வரும்போது இருந்தால், கை வைத்த இடத்தில்தான் தேட வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அவ்வளவுதான் தெரியும். நேரே பட்டறைக்குப் போய், "கிளட்ச் மாத்த எதையெல்லாம் கழட்டின? ஒண்ணு விடாம சொல்லு" என்றேன். கியர் தண்டு, ஏர் கிளீனர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் வண்டியில் கியர் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டித்தான் இருக்கும். அதைத் திரும்ப மாட்டும்போது ஹாரன் ஒயர் நசுங்கி, தோல் உரிந்திருந்தது. டேப் சுற்றிக்கொண்டே தாஸ் சொன்னான்: "ஹாரன் அடிக்கலன்னுதான் எல்லாரும் வருவாங்க. நீ இன்னாக்கா, அடிக்குதுன்னு சண்டைக்கு வந்துகினு கீற!"

மேட்டில் மூச்சு வாங்கும்

அடுத்து ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் திருநீர்மலைக்கு ஏற்றிப் போனோம். சமதரையில் சமாளித்த வண்டி, ஒரு சின்ன மேட்டில் இருமி, திணறி, நின்றேவிட்டது. வீட்டுக்காரர் பெட்ரோலைக் குறை சொன்னார். எனக்கோ தாஸ் சொன்ன ஏர் கிளீனர் மனதில் ஓடியது. பானெட்டைத் தூக்கி, அதைத் திறக்கச் சொன்னேன். எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில், கை துடைக்கிற கட்டம் போட்ட லுங்கித் துணி சுருண்டு கிடந்தது. நான் அதை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த பெரியவர் பணிவாகக் கேட்டார்: "இதுவும் வண்டியோட பார்ட்டாம்மா?"

மாலை மரியாதை

விஷயம் தெரிந்ததும் தாஸுக்கு அவமானமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நான் மார்க்கெட் போயிருந்தபோது வீட்டுக்கே வந்து, வண்டியைக் கழுவி, எல்லாவற்றையும் சரிபார்த்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்துப் பூஜையும் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

மத்தியானம் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. வலி எடுத்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். பொழிச்சலூரில் பெண்ணையும் லில்லி அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். பம்மல் தாண்டும்போதே சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. பல்லாவரத்தில் சிவப்பை நெருங்கியது. பின்னால் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். லில்லி அக்காவின் ஜெபம் சத்தமாகிக்கொண்டே வந்தது.

"நிறுத்துங்க" என்றேன்.

"காலையிலதான் தண்ணி ஊத்தினேன். நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா?"

"எஞ்சினை அணைக்காதீங்க. நிறுத்துங்க."

இன்று தாஸ் எதையும் கழற்றவில்லை. பூஜைதான் போட்டான். பூஜை! இறங்கி ஓடி முன்னால் பார்த்தேன். தொடை தடிமன் சாமந்தி மாலையை மூன்று மடிப்பாக மடித்து, ரேடியேட்டருக்கு ஒரு பொட்டுக் காற்றுப் போகாதபடி, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான் அந்தப் புண்ணியவான். கம்பி கையைக் கிழித்தது. விடவில்லை. பிய்த்தெடுத்தேன். சாமி பூவை ரோட்டில் போட்டு மிதிபட விட முடியுமா? தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். குரோம்பேட்டை வருவதற்குள் முள் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் துணிப்பையைக் கொடுக்கப் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நர்ஸ் என்னை மறித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கொழந்த இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள மாலையோட வந்து நிக்கற?"

பெண் குழந்தை, சுகப்பிரசவம். அன்றிலிருந்து வண்டி பட்டறையை விட்டு வந்ததும், அதற்கு என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன மரியாதை செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.