காயப்போட்ட கை

போன மாதம் அப்பளம் பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெய் என் இடது கையில் கொட்டிவிட்டது. டாக்டர் புண்ணைக் கழுவி, பிசுபிசுவென்றிருந்த ஒரு வலைத்துணியை வைத்துக் கட்டுப்போட்டு, உள்ளே ஈரமாகத்தான் இருக்கும், நோண்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். பதினைந்தே நாளில் தோல் வந்துவிட்டது. தழும்புகூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வந்தது ஆத்திரம். இதே மாதிரித் துணியை வைத்துத்தான் ஒரு நர்ஸம்மா என் அம்மாவின் கையைக் கட்டிவிட்டார். அதைப் பிய்த்து எறிந்தவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் போய்ச் சாயங்காலம் வருவாள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் வேலை. ஒருநாள் உராய்வில் மருந்து பற்றிக்கொள்ள, வலது உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோயின. கொஞ்சம்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். வெந்தது அவர்கள் கை இல்லையே.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டினார். மூன்று நாளைக்கு ஒருமுறை வரவேண்டும், அவர் மட்டும்தான் பிரிப்பார், புண் காயவே கூடாது, ஈரத்தில்தான் புதுத்தோல் பரவும், விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் யார் மண்டையிலும் அது ஏறவில்லை. எப்படி ஏறும்? எங்கள் ஊரில் ஈரம் என்றாலே கெடுதல்தான். திரி காய வேண்டும், அட்டைக் குழல் காய வேண்டும், வாணத்துக்குள் போடும் கலர் உருண்டை காய வேண்டும். வானம் மூடினால் அன்றைக்கு வேலை கிடையாது. நன்றாகக் காய்ந்ததுதான் நல்ல சரக்கு. மனுஷத் தோலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கம்பெனி போர்மேன் வந்தார். காயவைப்பதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கலர் உருண்டையை விரலால் நிமிண்டிப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். அம்மாவின் கைக்கட்டில் ஊறியிருந்த மஞ்சள் ஈரத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இம்புட்டு ஈரத்தை வச்சுக் கட்டுனா புண்ணு அழுகாம என்ன செய்யும்? அவுத்து வெயில்ல காமிங்க. நாலு வெயில் பட்டா வறவறன்னு ஆயிரும். சீசன் நேரம், ஆர்டர் அப்படியே நிக்கிது."

பிரிக்கக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னதை அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அப்பாவோ, "சரிங்க அண்ணாச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, எதிர்த்துப் பேசினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் அடங்க மாட்டேன் என்கிறது.

அப்பா வேலைக்குப் போய்விடுவார் என்பதால், காயப்போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். வாசலில் சாக்கை விரித்து அம்மாவை உட்காரவைத்துக் கட்டைப் பிரித்தேன். வலைத்துணியை இழுத்தபோது அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஒரு பட்டாசுப் பெட்டி அட்டையால் ஈ ஓட்டினேன். வெயில் பொறுக்காமல் அவள் கையை நிழலுக்கு இழுத்தால், ஒரு குட்டி போர்மேனாக அதட்டி, மறுபடி வெயிலில் வைத்தேன்.

நாலாம் நாள் புண் கறுத்துப் பொருக்குத் தட்டிவிட்டது. போர்மேன் வந்து அதையும் நிமிண்டிப் பார்த்தார். பொம்பளப் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கெட்டிக்காரி என்று அத்தையும் சொன்னாள். நான் தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டாம் நாள் அம்மாவை வேனில் ஏற்றிவிட்டார்கள். லேபிள் ஒட்டுகிற சின்ன வேலைதானாம். விரலை நீட்டினால் பொருக்கு வெடித்து ரத்தம் வந்தது. அதனால் நீட்டாமலே வைத்துக்கொண்டாள். பொருக்குக்கு அடியில் சீழ் கட்டியது. சீசன் முடிந்த பிறகுதான் அப்பா எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டார். அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு இழுத்துக்கொண்டு நின்றுவிட்டன.

நர்ஸம்மா அந்த விரல்களை நிமிர்த்திப் பார்த்தார். நிமிரவில்லை. கோபத்தில் கத்தினார்.

"யாரு இதை அவுத்தது? மனுசக் கையைப் பட்டாசு மாதிரி காயப் போட்டிருக்கீகளே."

நான்தான் என்று சொல்ல ஓர் எட்டு முன்னால் வந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தாம்மா அவுத்தேன். என் புத்தி கெட்டுப் போச்சு."

அவர் திட்டித் தீர்த்தார். அம்மா தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். போர்மேனைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அம்மாவோடு பேசவில்லை. நாலு நாள் வெயிலில் கிடந்து நான் பார்த்த வேலையைத் தான் செய்ததாகச் சொல்லிவிட்டாளே என்று அவ்வளவு கோபம். ஆமத்தூர் தாண்டும்போது அவள் அந்தக் கையால் என் தலையைத் தடவ வந்தாள். தட்டிவிட்டேன்.