மாப்பிள்ளை சொன்ன ரெண்டு ஸ்பூன்

ஓடிப் போனானாம்! யார் பார்த்தது? இரண்டாம் மாடி செல்லம்மாள் மாமி பார்த்தாளாம். மாமி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. பெண் வீட்டுக்கு குர்காவ் போயிருந்தாள். ஜகந்நாதன் ஓடவில்லை, நடந்துதான் போனான். லிஃப்ட் ரிப்பேராகிக் கிடந்த ஃபிளாட்டில் பெட்டியும் கையுமாக யாரால் ஓட முடியும்? படிப்படியாக, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினான். அப்புறம், டெல்லியில் பாதிக் கல்யாணத்தை நிறுத்தினானாம். அதுவும் பொய். ஒரு கல்யாணமும் நிற்கவில்லை. ஒரே ஒரு குதிரைதான் திரும்பிப் போயிற்று.

நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் மாமி வாயைத் திறக்கட்டும்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வேலைக்காலத்தை முடித்துவிட்டு மயூர் விஹாருக்கு வந்தவர் மகாதேவன். அவருடைய பிள்ளை ஜகந்நாதன், வீட்டில் ஜக்கு. எதைத் தட்டில் போட்டாலும் சாப்பிடுவான், எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் மாட்டிக்கொள்வான். ஒரு விஷயத்தில் மட்டும் அழும்பு பிடிப்பான்: எதை மாற்றினாலும் மாற்றினேன் என்று சொல்லிவிட வேண்டும். டி.வி. சத்தத்தை யாராவது கூட்டி வைத்துவிட்டுப் போனால்கூட, யார் கூட்டினது என்று வீடு முழுக்க விசாரிப்பான். அவன் வேலை பார்த்தது நொய்டாவில், அக்கா மாதுரியின் புருஷன் வைத்தியின் கம்பெனியில். கல்யாண மண்டபம் பதிவு செய்து தரும் கம்பெனி. பதிவு செய்தவர்களுக்கு போனில் மெசேஜ் போகும்.

"கேக்கறவாளுக்கு நான் என்னடா சொல்றது? என்னதான் வேலை பண்றே?" என்று அம்மா சுந்தரவல்லி ஒரு நாள் பிடித்துக்கொண்டாள்.

"ப்ரோகிராமை ஒரு டப்பாவுல போட்டு மூடி வெச்சிருப்போம்மா. கன்டெய்னர்னு பேர். எங்கே கொண்டு வெச்சாலும் அதே டப்பாதான். தொறக்கறச்சே அது காதுல நாலு விஷயம் ஓதணும். இது சோதனை, இது நிஜம், இவாளுக்கு மெசேஜ் அனுப்பு, அவாளுக்கு அனுப்பாதே. அப்படி ஓதறதுக்குத்தான் என்விரான்மென்ட் வேரியபிள்னு பேரு."

"ஓதலேன்னா?"

"டப்பாக்குள்ள என்ன எழுதியிருக்கோ அதைப் பண்ணும். வெளியில ஃபைல்ல வேற எழுதியிருந்தா, டப்பாக்குள்ள எழுதினது செல்லாது. யாராவது மெஷின்லயே நேரா சொல்லி வெச்சுட்டா, ஃபைலும் செல்லாது."

"நம்மாத்து மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லு," என்றாள் சுந்தரவல்லி, சிரிக்காமல்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மகாதேவனுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் அந்த வீட்டுக் காபியில் யாருக்குமே சர்க்கரை கிடையாது. டாக்டர் சொன்னது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் இருந்தது. தீபாவளிக்கு வந்த வைத்தி ஹாலில் உட்கார்ந்தபடியே, "மாமி, ஆளுக்கு ரெண்டு ஸ்பூன்!" என்று ஒரு குரல் கொடுத்தார். சுந்தரவல்லி போட்டாள். மாப்பிள்ளை ஊருக்குப் போன பிறகும் போட்டாள். கார்த்திகை வரைக்கும் போட்டாள். மாப்பிள்ளை சொன்னதை அந்த வீட்டில் மாற்றுகிற வழக்கமில்லை. மாப்பிள்ளையே வந்து மாற்றினால்தான் உண்டு. மகாதேவன் பூனை மாதிரி சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தார், ரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும்வரை.

ஜக்கு விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, எங்க ஆபீஸ் வியாதியே இதுதான்." சிரித்த வாய் மூடுவதற்குள் ஆபீஸில் அது நடந்துவிட்டது.

கல்யாண சீசன். கம்பெனியில் பணம் போட வந்த ஒருவருக்கு வேடிக்கை காட்ட வைத்திக்கு ஆசை. சோதனை மெஷினிலிருந்தே நிஜமாக மெசேஜ் போக வேண்டும் என்று, எல்லோரும் நுழையும் பொது லாகினில் 'நிஜம்' என்று ஒரு வரியைப் போட்டார். யார் நுழைந்தாலும் அந்த வரி தானாக ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை முடிந்தது, கை தட்டினார்கள், சமோசா தின்றார்கள். வரியை எடுக்க மறந்தார்கள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஜக்கு வந்தான். மண்டபம் ரத்தானால் போகும் மெசேஜைச் சோதிக்க வேண்டும். ஃபைலைத் திறந்தான், 'சோதனை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பட்டனை அழுத்தினான். மெஷினில் வைத்தி போட்ட 'நிஜம்' ஒட்டிக்கொண்டிருந்ததால் ஃபைலில் இருந்த 'சோதனை' செல்லவில்லை. சோதனைக்கு வாடிக்கையாளர்களின் அசல் எண்களையே வைத்திருந்தார்கள். அந்த வெட்கக்கேட்டைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். தமாஷாக இருக்கட்டும் என்று ஜக்கு இந்தியில் எழுதி வைத்திருந்த வாசகம் டெல்லி முழுக்கப் பறந்தது: 'உங்கள் மண்டபம் ரத்து. குதிரையைத் திருப்பி அனுப்பவும்.'

"பையா, மேரீ ஷாதி கேன்சல் ஹோ கயீ க்யா?" என்று, தன் கல்யாணமே ரத்தாகிவிட்டதோ என்று பயந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் போனில் அழுதான். ஜனக்புரியில் ஒருவர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த குதிரையை உண்மையாகவே அனுப்பிவிட்டு, அப்புறம் தெரு முனை வரை துரத்திக்கொண்டு ஓடினார். மண்டபக்காரர்கள் ஆபீஸ் வாசலில் கூடி, யார் செய்த வேலை என்று எழுத்தில் கேட்டார்கள். மெஷினைத் துருவியதில் வைத்தி போட்ட வரி ஜக்குவின் கண்ணில் பட்டது; போட்டவரே எடுத்துவிடுவார் என்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தி மாதுரியோடு வந்து, மாப்பிள்ளைக்கென்றே இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜக்கு, ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துடு. நிஜம் எது, சோதனை எதுன்னு பாக்காம நான்தான் அனுப்பிட்டேன்னு. நாலு நாள்ல ஆறிடும்."

ஆறாது. அந்தத் தொழிலில் இப்படி ஒரு வரி ஒருவன் பேரோடு ஒட்டிக்கொண்டால், அடுத்த கம்பெனிக்காரன் அவனை மெஷின் பக்கமே விடமாட்டான். ஜக்குவுக்கும் தெரியும், வைத்திக்கும் தெரியும். மகாதேவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்: "மாப்பிள்ளை சொல்றார். எழுதிக் கொடுத்துட்டுப் போயேன். உங்கக்கா அங்கே நிம்மதியா இருக்க வேண்டாமா?"

ஜக்கு அக்காவைப் பார்த்தான். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்திம்பேர், அந்த வரியை எடுத்தாச்சோல்லியோ?"

"எந்த வரி?"

அட ராமா! இத்தனை கூத்துக்கும் பிறகு அது அங்கேயேதான் இருந்தது. ஜக்கு லாப்டாப்பைத் திறந்தான். முதலில் அந்த வரியை அழித்தான். அப்புறம் மண்டபக்காரர்களுக்கு மெயில் எழுதி, உரக்கப் படித்தான்: "பொது லாகின்ல 'நிஜம்'னு போட்டது வைத்தியநாதன். பட்டனை அழுத்தினது நான். ஃபைலைப் பார்த்தேன், ஆனா மெஷின் காதுல கடைசியா என்ன விழுந்திருக்குன்னு கேக்கலே. அது என் தப்பு."

"என் பேர் எதுக்குடா அதுல?" வைத்தியின் முகம் கத்திரிக்காயாகக் கருத்தது. "அது போச்சுன்னா நாளைலேர்ந்து ஆபீசுக்கு வராதே."

"மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளு," என்றார் மகாதேவன். "இல்லேன்னா இந்தாத்துலயும் இருக்காதே."

"என் தப்பை நான் எழுதியாச்சுப்பா. அவரோடதை மட்டும் எப்படி அழிக்கறது?"

ஜக்கு அனுப்பிவிட்டான்.

மாதுரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அனுப்பிட்டியா? சரி. பெட்டியில ஸ்வெட்டரை எடுத்து வெச்சுக்கோ, குளிர் ஆரம்பிச்சுடுத்து." வைத்தி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை; தம்பியின் சட்டைகளை மடிக்கப் போய்விட்டாள்.

லக்ஷ்மி நகரில் சிநேகிதன் கார்த்தியின் அறையில் இடம் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜக்கு வாசலுக்கு வந்தபோது, சுந்தரவல்லி தட்டில் டம்ளர்களோடு வந்தாள்.

பழக்கம் விடுமா? பிரம்பு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "மாமி, ரெண்டு ஸ்பூ..."

"இந்தாத்துக் காபிக்குச் சர்க்கரை கிடையாது மாப்பிள்ளை," என்றாள் சுந்தரவல்லி. "இன்னிலேர்ந்து யார் சொன்னாலும் கிடையாது."

மகாதேவன் தன் டம்ளரை வாயில் வைத்தார், முகத்தைச் சுளித்தார், குடித்தார். ஜக்கு நின்றபடியே கசப்பாகக் குடித்து முடித்து, டம்ளரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.