ஹெல்மெட்டுக்குள் கேட்ட குரல்

கல்யாணமாகிக் குடியாத்தம் வந்த பிறகுதான் எனக்குச் சத்தமாகப் பேசும் பழக்கம் வந்தது. கணவர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க விசைத்தறிகள். லுங்கி நெய்யும் அந்தத் தறிகள் விடியும்போது ஓட ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தவிர நிற்காது. மாடியில் மாமனார், மாமியார், நாத்தனார், நாங்கள் இருவர். உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். ராத்திரி தறி நின்ற பிறகோ நிலைமை தலைகீழ். ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லோரும் படுத்திருப்பார்கள். மூச்சு விட்டாலும் கேட்கும். கத்திச் சொல்லக்கூடியதையும், எல்லோரும் கேட்கலாம் என்கிற மாதிரியானதையும் மட்டும்தான் அந்த வீட்டில் பேச முடிந்தது.

எங்களுக்கென்று இருந்தது பைக்கில் போகும் நேரம்தான். இருவருக்கும் ஆம்பூரில் வேலை. அவர் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். நான் வேறொரு கம்பெனியில், தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தில் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை. காலையில் என்னை இறக்கிவிட்டுத்தான் அவர் போவார். பாலாற்றைத் தாண்டி, மாதனூரில் ஹைவே ஏறி, லாரிகளுக்கு நடுவே போவோம்.

போகும்போது அவர் ஏதாவது சொல்வார். முன்னால் பார்த்தபடி ஹெல்மெட்டுக்குள் சொல்வது எனக்குக் காற்றாகத்தான் வந்து சேரும். தோளைப் பிடித்து முன்னால் சாய்ந்து, "இன்னாங்க?" என்று கத்துவேன். மறுபடி ஒருமுறை சொல்வார். அதற்குள் ஒரு லாரி கடந்து போகும்.

"கேக்கலைங்க."

"ஒண்ணுமில்ல, உடு."

மூன்று வருஷம் இப்படித்தான் போனது. கம்பெனி வாசலில் இறங்கி, "வழியில இன்னா சொன்னீங்க?" என்று கேட்டால், அவருக்கு டியூட்டிக்கு நேரமாகியிருக்கும். நாள் முழுக்கத் தோலும் தையலும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் என்ன சொல்லியிருப்பார் என்றே மனம் ஓடும். ஒன்றுமில்லாததை யாரும் இரண்டுமுறை சொல்ல மாட்டார்கள் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பெங்களூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஜோடி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ஓட்டியவர் திரும்பவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு போனாள்.

"அவ எதுக்குச் சிரிக்கிறா?" என்று கேட்டேன்.

"ஹெல்மெட் பக்கத்துல கறுப்பா ஒட்டியிருந்துச்சே, பாத்தியா? இன்டர்காம். ஒயர் கிடையாது. அவன் பேசுறது அவளுக்குக் காதுல கேக்கும்."

"மெதுவா பேசினாலுமா?"

"மெதுவா பேசினாலும்தான்."

டீ ஆறும்வரை நான் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரும் கவனித்திருக்கிறார். அடுத்த வாரமே, "வேலூர் போய் அத விசாரிப்போமா?" என்று அவரே கேட்டார்.

வேலூரில் ஹெல்மெட் கடை வைத்திருந்த பாய், மேஜைமேல் நாலைந்து டப்பாக்களை எடுத்துப் பரப்பினார். என் கணவர் மெக்கானிக் புத்தியோடு ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார்.

"இது எவ்ளோ தூரம் எடுக்கும், பாய்?"

"இது ஒரு கிலோமீட்டர். அது இன்னும் ஜாஸ்தி. பத்து வண்டி ஒண்ணா போனாலும் எல்லாரும் பேசிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் தனித்தனி வண்டியா?"

"இல்ல, ஒரே வண்டி."

பாய் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அந்தப் பெரிய டப்பாவை மூடினார். "அப்ப தூரம் எதுக்கு? முதுகுக்குப் பின்னாடிதான ஒக்காந்துட்டு வர்றாங்க. நீங்க பாக்க வேண்டியது காத்துச் சத்தத்த எவ்ளோ கம்மி பண்ணுதுன்னுதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க ஹெல்மெட் வாய்ப்பக்கம் தெறந்திருக்குமா, மூடியிருக்குமா?"

"தெறந்துதான் இருக்கும்."

"அப்ப குச்சி மாதிரி மைக் வர்றதுதான் சரி. அவருது முழு ஹெல்மெட், அதுக்கு உள்ள ஒட்டுற மைக். கம்மல் போட்டிருக்கீங்க பாருங்க, ஸ்பீக்கர் தடியா இருந்தா காத அமுக்கும். அரை மணி நேரத்துல பேஜாராயிடும்."

"பாட்டுக்கூடக் கேக்கலாம்" என்று ஒன்றைக் காட்டினார். எனக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை.

முடிவாக இரண்டு செட் மிஞ்சின. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பாய் முதலாவதை மாட்டிவிட்டார். சர்வீஸ் ரோடு வழியாகக் கொஞ்ச தூரம் போனோம். அவர் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. வேகம் கூடியதும் அதுவும் போய் வெறும் இரைச்சல். திரும்பி வந்து அடுத்ததை மாட்டிக்கொண்டோம்.

"கேக்குதா?"

"கேக்குது."

மேம்பாலத்துப் பக்கம் வளைந்தபோது, "பசிக்குதா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தலாகத்தான் கேட்டிருந்தேன். இப்போது என் காதோடு வந்தது. அவருடைய குரல் இத்தனை மெல்லியது, கேள்வியின் முடிவில் இப்படித் தயங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

"இதையே வாங்கிக்கலாம்" என்றேன்.

அதன்பிறகு காலையில் நானே முதலில் கிளம்பி நிற்பேன். தெரு முனை தாண்டியதும் பொத்தானை அழுத்துவேன். மெஷின் ரூமில் நடந்தது, அவர் தங்கைக்கு வேலை தேடுவது, எப்போதாவது தனியாக ஒரு வீடு பார்ப்பது, எல்லாம் பேசினோம். சிலநாள் அவர் பேசாமல் ஏதோ ராகம் முனகிக்கொண்டு வருவார். எனக்குக் கேட்கிறது என்பதை மறந்திருப்பார். நானும் ஞாபகப்படுத்த மாட்டேன்.

ஒருநாள் கேட்டேன். "செட்டு வாங்குறதுக்கு முன்னாடி எல்லாம் வழியில ஏதோ சொல்லிட்டே வருவீங்களே, இன்னா அது?"

யோசித்தார். "மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லியிருப்பேன். வேற இன்னா?"

"அது மட்டுமா?"

"ஞாபகம் இல்லம்மா."

பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். கேட்காமல் போன அந்த மூன்று வருஷம் இனி எந்தக் கருவியிலும் வராது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு வருஷம்கூட முழுசாக அப்படிப் போகவில்லை. ஒருநாள் காலை ஆற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கினார்.

"ஒண்ணு சொல்லணும். வீட்ல வெச்சு சொல்ல முடியல."

"சொல்லுங்க."

"வியட்நாம்ல ஒரு ஷூ கம்பெனிக்கு மெக்கானிக் கேக்குறாங்க. எங்க ஃபோர்மேன் என் பேரக் குடுத்துட்டாரு. ரெண்டு வருஷம். வந்தா தனியா வீடு எடுத்துக்கலாம்."

"போய்ட்டு வாங்க" என்றேன். வேறென்ன சொல்வது? நல்ல வேலை. ஆம்பூரில் எத்தனையோ பேர் அப்படிப் போகிறார்கள்.

பாலம் முடிந்து சாலை வந்தது. "அழுவுறியா?" என்றார்.

"இல்ல, காத்து."

"காத்துச் சத்தம் வராத செட்டுன்னுதான இத வாங்கினோம்."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மைக் எல்லாவற்றையும் அவர் காதில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

அவர் போய் ஒன்றரை வருஷமாகிறது. போன மாதம் ஃபோன் செய்து, அங்கே புதுத் தையல் லைன் போடுகிறார்கள், இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றார். இருங்கள் என்று நான்தான் சொன்னேன். வீடியோவில் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நான் வீட்டில் இருக்கும்போது கூப்பிட்டால் ஃபோன் மாமியார், மாமனார் என்று கைமாறி வருவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் வேலை முடிந்து வரும் வழியில் மாதனூரில் ஓரமாக நிறுத்திப் பேசுகிறேன். அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன். எல்லாம் கேட்கிறது. அவர் முதுகின் சூடு இல்லாமல் அந்தக் குரல் மட்டும் வருவது எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போது நான்தான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். நாத்தனாருக்கு என் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை கிடைத்து, காலையில் பின்னால் உட்கார்ந்து வருகிறாள்; சாயங்காலம் எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் போய்விடுவாள். அண்ணன் ஹெல்மெட் அவளுக்குக் கொஞ்சம் பெரிசு. முதல் வாரம் செட்டைத் தொடாமல் வந்தாள். பிறகு பழகிக்கொண்டு, இப்போது ஆம்பூர் வரைக்கும் வாய் ஓயாமல் பேசுகிறாள்.

நேற்று காலை அவளும் வெகுநேரம் சும்மா வந்தாள். மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சு அவர் மூச்சு மாதிரிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டா? வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் இருக்காரு..."

பேச்சை முடிக்க அவளுக்கு நேரம் வேண்டுமென்று இடதுபக்கம் ஒதுங்கி மெதுவாக ஓட்டினேன். லாரிகள் கடந்து போய்க்கொண்டிருந்தன. இதை அவள் அண்ணனிடம் நேரில்தான் சொல்ல வேண்டும், ஃபோனில் சொல்லக்கூடியது இல்லை. அவர் வருவதற்கு இன்னும் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போக வேண்டும்.